சிலிண்டரோடு வரும் எழுத்துகளும் காகிதங்களும்

தாம்பரம் சானடோரியத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையில் போனால், சிலிண்டர் ஏற்றிய லோடு வண்டி ஒன்றாவது கண்ணில் படும். பட்டறைக்கு ஆக்சிஜனும் அசிட்டிலீனும், மருத்துவமனைக்கு ஆக்சிஜன், ஓட்டலுக்குச் சமையல் காஸ் என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் நுரையீரல் நோயாளி இருந்தால் அந்த வண்டி உங்கள் வாசலிலும் நிற்கும். சிலிண்டரை இறக்கிவிட்டு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். போடுமுன் நீங்கள் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

இரும்புக் குழாய்க்குள் காற்று போல ஏதோ இருக்கிறது, இதற்கு இத்தனை சட்டமா? ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான டி-டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 47 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். அதற்குள் 7,000 லிட்டர் வாயுவை அடைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல அறுபது, எழுபது மடங்கு. கீழே விழுந்து வால்வு உடைந்தால் அந்த இரும்பே பாய்ந்து ஓடும்.

சட்டம் எது? 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்த காஸ் சிலிண்டர் விதிகள், 2016. இதைக் கவனிப்பது பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு). தலைமையகம் நாக்பூரில், சென்னையிலும் அலுவலகம் உண்டு. சாலையில் ஓடும் வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 தனியாக இருக்கின்றன.

நிறத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன வாயு என்று தெரிந்துவிடாதா? ஓரளவு தெரியும். தொழிற்சாலை ஆக்சிஜன் முழுக் கறுப்பு. மருத்துவ ஆக்சிஜன் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும். அசிட்டிலீன் அரக்குச் சிவப்பு, ஹைட்ரஜன் பளிச்சென்ற சிவப்பு, ஆர்கான் நீலம், நைட்ரஜன் சாம்பல் உடலும் கறுப்புக் கழுத்தும்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். 2021 கொரோனா அலையில் சிலிண்டர் பற்றாக்குறை வந்தபோது, நைட்ரஜன், ஆர்கான் சிலிண்டர்களைச் சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு மாற்றிக்கொள்ள பெசோ அனுமதித்தது. ஒரு சிலிண்டர் ஒரே வாயுவுக்காகவே வாழ்நாள் முழுக்க இருக்கும் என்று சொல்ல முடியாது. பெயிண்ட் உரியும், மேலே வேறு பெயிண்ட் ஏறும். அதனால் நிறத்தோடு பெயரையும் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், யார் என்ன சமாதானம் சொன்னாலும் அந்தச் சிலிண்டரை இறக்க விடாதீர்கள்.

இது அதிகப்படியான பயமா? இல்லை. 2011இல் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு (மயக்க மருந்தாகப் பயன்படும் வாயு) செலுத்தப்பட்டது. நினைவு திரும்பாமலே கிடந்து அவர் இறந்துபோனார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மருத்துவமனைக்குள்ளேயே வாயு மாறிப்போக முடியும் என்றால், வீட்டில் நாம் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்!

லேபிளில் என்ன இருக்க வேண்டும்? வாயுவின் பெயர், நிரப்பியவரின் பெயர், அவர் முகவரி. இந்த மூன்றும் கட்டாயம். முகவரி எதற்கு என்று தோன்றலாம். வாயுவில் கோளாறு வந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்கு உங்களிடம் இருக்கும் முதல் சான்று அதுதான். இவற்றோடு ஓர் எச்சரிக்கைச் சீட்டும் வேண்டும். நிறத்தை மாற்றாதே, வேறு வாயு நிரப்பாதே, தீப்பற்றும் பொருளை அருகில் வைக்காதே, வால்வில் எண்ணெய் தடவாதே, சோதனைத் தேதி கடந்திருந்தால் வாங்காதே என்று அதில் இருக்கும்.

எண்ணெய் விஷயத்தைப் பட்டறைக்காரர்கள் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். வால்வு இறுக்கமாக இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது நம் கைக்குப் பழகிய வேலை. அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் அந்த எண்ணெய் தானாகவே தீப்பிடிக்கும். கிரீஸ் படிந்த கையுறையோடு ஆக்சிஜன் வால்வைத் தொடவே கூடாது.

சோதனைத் தேதி எங்கே இருக்கும்? வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஓர் உலோக வளையம் இருக்கும். அடுத்த ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) எப்போது என்று அதில் பொறித்திருப்பார்கள். சமையல் காஸ் சிலிண்டரில் கைப்பிடி வளையத்தை ஒட்டிய பட்டையில் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன். இப்படியே சி, டி. அந்தக் காலாண்டு கடந்திருந்தால் டெலிவரி செய்பவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

வண்டியில் என்ன பார்ப்பது? சிலிண்டர் வண்டியின் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒன்றோடொன்று மோதாமல், உருளாமல் கட்டியிருக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருளையும் அரிக்கும் அமிலத்தையும் கூடவே ஏற்றக் கூடாது. வண்டியின் மேல் அவசரத் தகவல் பலகை வேண்டும். அதில் வாயுவின் பெயர், ஐ.நா. எண், சாய்சதுர அபாயக் குறி, அவசரத் தொலைபேசி எண், அனுப்பியவரின் எண் எல்லாம் இருக்கும்.

ஐ.நா. எண் என்பது உலகம் முழுக்க ஒரே பொருளுக்கு ஒரே நான்கு இலக்க எண். சிலிண்டரில் வரும் ஆக்சிஜன் 1072. திரவ ஆக்சிஜன் 1073. அசிட்டிலீன் 1001, சமையல் காஸ் 1075, குளோரின் 1017. பெருங்களத்தூர் அருகே வண்டி கவிழ்ந்தால், ஓட்டுநரே மயங்கிக் கிடந்தாலும், தீயணைப்பு வீரர் அந்த எண்ணைப் பார்த்து எப்படி நெருங்குவது என்று முடிவெடுப்பார். அந்தப் பலகையில் அழுக்கு மூடியிருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து.

ஓட்டுநரிடம் என்ன காகிதம் இருக்க வேண்டும்? அபாயப் பொருள் ஏற்றும் பயிற்சி முடித்ததற்கான குறிப்பு அவர் உரிமத்தில் இருக்க வேண்டும். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்த உரிமம் மூன்றாண்டு செல்லும். சரக்கின் ஆபத்தும், கசிந்தால் செய்ய வேண்டியதும் எழுதிய தாள் அவர் கைக்கு எட்டும் இடத்தில், ஓட்டுநர் அறையிலேயே இருக்க வேண்டும். அலுவலக அலமாரியில் இருந்தால் பயனில்லை. இதைக் கொடுப்பது சரக்கு அனுப்புபவரின் பொறுப்பு. நீங்கள் பட்டறையிலிருந்து சிலிண்டரை அனுப்பினால் அந்த அனுப்புபவர் நீங்கள்தான்.

பில் வேண்டுமா, சலான் போதுமா? விற்பனைக்குப் பில். காலி சிலிண்டரைத் திருப்பி அனுப்புவது போல விற்பனை அல்லாததற்கு டெலிவரி சலான், மூன்று பிரதிகள். தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில்லும் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணு ஆவணம்) தேவை. சமையல் காஸின் காலி சிலிண்டருக்கு விற்பனை அல்லாத போக்குவரத்தில் விலக்கு உண்டு. அது எல்லாக் காலி சிலிண்டருக்கும் பொருந்தும் என்று நினைத்து ஆக்சிஜன் காலிகளை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.

அவசரத்துக்கு ஸ்கூட்டரில் ஒன்றைக் கொண்டுவரலாமா? கூடாது. வாயு நிரம்பிய சிலிண்டரைச் சைக்கிளிலோ இருசக்கர வண்டியிலோ ஏற்றுவதை விதி தடுக்கிறது. மின்சார ரயிலில் சமையல் காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் குற்றம். ரயில்வே சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

திரவ நைட்ரஜனுக்கும் இதெல்லாம் உண்டா? அதன் ஆபத்து வேறு மாதிரி. மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் அந்தத் திரவம் கருத்தரிப்பு மையங்களுக்கும், தோல் மருத்துவருக்கும், மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருத்துவருக்கும் தேவை. ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. அதனால் குடுவையின் மூடி எப்போதும் தளர்வாகவே இருக்கும். சிந்துகிறதே என்று அழுத்தி அடைத்தால் குடுவை வெடிக்கும். கண்ணாடி ஏற்றி ஏ.சி. போட்ட காரில் அதை வைத்துக்கொண்டு போகாதீர்கள். நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே ஆக்சிஜன் குறைவது தெரியாமலே மயக்கம் வரும். லிப்டில் குடுவையை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் படியேறிப் போங்கள். குடுவையின் மேல் வாயுவின் பெயரும் 1977 என்ற ஐ.நா. எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்? கசிவு என்றால் முதலில் விலகி நில்லுங்கள். அடுப்பு, சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். வெளியே வந்து 112ஐ அழைத்து, லேபிளில் படித்த வாயுவின் பெயரைச் சொல்லுங்கள். விபத்து நடந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பொறுப்பானவர் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் பெசோவுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் பில்லையும் சலானையும் அப்போது கேட்பார்கள். எனவே சிலிண்டர் திரும்பிப் போகும் வரையாவது அவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.