மயில் ஏறி வந்த பெயர்

சென்ற பரீட்சைக் காலத்திலே மாணவன் ஒருவன் விண்ணப்பப் படிவமும் கையுமாக எம்மிடம் வந்தான். "ஐயா, அப்பாவின் பெயரைச் சுருக்கி 'ம.' என்று மட்டும் எழுதலாமா?" என்று கேட்டான். தந்தையார் பெயர் மயில்வாகனம். காரணம் வினவினோம். "பழைய பெயர், ஐயா. கூட்டாளிமார் சிரிக்கிறார்கள்," என்று தலை குனிந்தான்.

அவனுக்கு அன்று கூறியவற்றையே வாசகர்களுக்கும் கூற விரும்புகின்றோம்.

ஐரோப்பாவில் வழங்கும் சிலாவிய மொழிகளுள் செக் மொழியும் ஒன்று. அம்மொழியிலே 'கவ்கா' என்பது காக்கைக் குலத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவையின் பெயர். அப்பறவைப் பெயரே குடும்பப் பெயருமாயிற்று. பிராக் நகரில் அப்பெயர் தாங்கிய வணிகர் ஒருவர், அப்பறவையின் உருவத்தைத் தம் கடைக்குச் சின்னமாகவும் கொண்டார். 1883ஆம் ஆண்டில் அவருக்குப் பிறந்த மகனே பிரான்ஸ் காஃப்கா. ஜேர்மன் மொழியில் அவர் எழுதிய கதைகளால் அப்பறவைப் பெயர் உலகறிந்த பெயராயிற்று. நம்மவர்க்கும் காக்கை இழிவன்று. காக்கையைப் பாடிய சிறப்பினாலன்றோ சங்கப் புலவர் நச்செள்ளையார் 'காக்கைபாடினியார்' எனப் பெயர் பெற்றார்!

காக்கைக்கே அத்துணைப் பெருமை எனின், மயிலுக்குச் சொல்லவும் வேண்டுமோ? மயில்வாகனம் என்பது மயிலை வாகனமாக உடையவன் என விரியும். இலக்கணத்தார் இதனை அன்மொழித்தொகை என்பர். சொல்லிலே நிற்பது பறவை. பொருளிலே நிற்பவன் முருகன். மயிலம்மா, அன்னம்மா, கிளியம்மா எனப் பறவைகளை மக்கட்பெயரில் வைத்துப் போற்றியது நமது மரபு.

காஃப்கா பிறந்து ஒன்பது ஆண்டுகளின் பின், 1892இல், மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மையார் தம்பதியர்க்கு மகனாய்த் தோன்றியவரும் ஒரு மயில்வாகனமே. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டத்தையும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தையும் அவர் அப்பெயராலேயே பெற்றார். 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, 1947இல் யாழ்நூலைத் தந்தவர் அவரே. அவர் எழுதிய பரீட்சை விண்ணப்பங்களிலும் மயில்வாகனம் என்ற பெயரே இருந்திருக்குமன்றோ?

இன்று இப்பெயர் கடல் கடந்தும் வாழ்கின்றது. பாட்டனாரின் பெயர் கனடாவிலும் இங்கிலாந்திலும் பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகி விட்டது. தமிழ் எழுத்தறியாப் பிள்ளையும் தன் பெயரின் முதலசைகளில் ஒரு தமிழ்ப் பறவையைச் சுமந்து செல்கின்றது. அங்கே உள்ளவர் விடாது காக்கும் பெயரை, வாவிக்கரையில் உள்ள நாம் ஓரெழுத்தாகச் சுருக்குவதோ?

மாணவன் மறுமொழி கூறாது சென்றான். நாலைந்து நாள் கழித்து மீண்டும் வந்தான். வீட்டிலே பெத்தாவிடம் கேட்டானாம். நெடுநாள் பிள்ளைப்பேறின்றி இருந்த அவ்வம்மையார், குருமண்வெளித் துறையில் ஓடமேறி வாவியைக் கடந்து, மண்டூர்க் கந்தசுவாமி கோயிலிலே நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளையே அவன் தந்தையாராம். "பெத்தா சொல்லும்போது அழுதுவிட்டா, ஐயா. இத்தனை நாளும் எவரும் கேட்கவில்லையாம்," என்றான்.

படிவத்தை நீட்டினான். தந்தையார் பெயர் முழுதாக, ஓரெழுத்தும் குறையாமல் இருந்தது.

மாணவர்களே, உங்கள் பெயருக்கு முன் நிற்கும் முதலெழுத்துக்குள்ளும் இத்தகைய கதை ஒன்று உறங்கலாம். அதைச் சொல்ல வல்ல முதியோர் வீட்டிலே இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.