முதல் கேமரா: கேட்க வேண்டிய வினா

எம் துறையின் மாலை விழாவொன்றில் எடுத்த படங்களில் பேச்சாளர் முகங்கள் கலங்கியே பதிந்தன. 24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆர். கேமராவைக் குறை கூறினோம். ஆராய்ந்தபோது, மெகாபிக்சலை மட்டுமே கேட்டு வாங்கிய எம் தேர்வே பிழையெனத் தெளிந்தோம்.

படச்சுருள் இருந்த இடத்தில் இன்று இருப்பது ஒளியுணரி எனும் சென்சார். முழுச்சட்ட உணரியின் அளவு 36க்கு 24 மி.மீ. தொடக்கநிலைக் கேமராக்களின் ஏபிஎஸ்-சி உணரியோ பரப்பில் அதன் பாதிக்கும் குறைவு. அதனால் காட்சியின் ஓரங்கள் விடுபடும், 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் போலக் காட்டும். மேடை முழுவதும் அடங்க வேண்டுமெனில் பின்னே நகர வேண்டும்.

உடன் வரும் 18-55 லென்ஸ், 55 மி.மீ. நிலையில் எஃப் 5.6 அளவே திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்வாங்கும். மங்கிய அரங்கில் முகம் தெளிவாகப் பதிவது இதனாலேயே.

மிரர்லெஸ் கேமராக்கள் பெருகிவிட்ட இந்நாளில் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கைப்பொருள் சுருங்கிய மாணவர் ‘பாடி’யில் சிக்கனம் காட்டி, மிச்சத்தை நல்ல லென்ஸில் இடுதல் நன்று. பழைய லென்ஸாயின், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை படர்ந்துள்ளதா எனப் பார்த்தே வாங்குக. ‘எத்தனை மெகாபிக்சல்?’ என்பதற்கு முன், ‘எவ்வளவு ஒளி?’ என்று கேட்போமாக.