காமிராவுக்கு மட்டும்தானா பிரேக்?

பெங்களூரில் இருந்து மைசூர் வழியாக ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு, 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட 118 கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஒரு வரப்பிரசாதம். ஆனால் திறந்த சில மாதங்களிலேயே அடுத்தடுத்து உயிர்ப்பலிகள்! ஆகஸ்டு 1 முதல் பிரதான பாதையில் பைக், ஆட்டோ, டிராக்டர்களுக்குத் தடை வந்தது. கார்களுக்கு உச்சவேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். கண்காணிக்கக் காமிராக்களும் வந்தன.

காமிரா ஒன்றும் ஒளித்துவைத்த பொறி அல்ல. அது இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும் என்பது 2021-ல் வந்த மத்திய அரசு விதி. பலகையைக் கண்டதும் பலர் என்ன செய்கிறார்கள்? சட்டென்று ஒரு பிரேக். காமிராவைத் தாண்டியதும் 130! பின்னால் வரும் லாரி டிரைவர் பாடு திண்டாட்டம்.

100-ல் ஓடும் கார் ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் கடக்கிறது. 130-ல் 36 மீட்டர். பிரேக் போட்டபின் நிற்க ஆகும் தூரமோ சுமார் 70 சதவீதம் கூடிவிடும். இத்தனைக்கும் மைசூர் வரை அதே வேகத்தில் பறந்தாலும் மிச்சமாவது கால்மணி நேரம்தான்.

கர்நாடகத்தில் 2024 ஆகஸ்டு 1 முதல் 130-ஐத் தாண்டுவோர் மீது வழக்கும் பதிவு செய்கிறார்கள். முன் இருக்கையில் இருப்பவர் தூங்காமல் பலகைகளைப் படித்துச் சொன்னால், ஓட்டுகிறவருக்குப் பாதி வேலை குறையும்.