தீயைப் பிடித்து வைக்கும் காளான்

பண்பொழி பக்கம் சாரல் பிடித்துவிட்டால் தீப்பெட்டிக்கு மரியாதை போய்விடும். மேக்கரை மலை மேகத்துக்குள் மறைந்திருக்கும். குற்றாலத்தில் அருவி கொட்டும். இங்கே தோப்பு வீட்டில் குச்சி மருந்து நமுத்துப்போய், நாலு உரசினால் ஒன்று பிடிக்கும். அப்போது ஒரு கேள்வி வரத்தானே செய்யும்: தீப்பெட்டி வருவதற்கு முன்னால் இந்த ஈரத்தில் நம் ஆட்கள் எப்படித் தீ மூட்டினார்கள்?

சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923இல். ஏதோ நேற்று நடந்தது மாதிரிதான். அதற்கு முந்திய பல்லாயிரம் ஆண்டுகள் தீ வந்தது இரண்டு வழியில். ஒன்று, கட்டையோடு கட்டையைக் கடைவது. இன்னொன்று, கல்லில் இரும்பைத் தட்டிப் பொறி எடுப்பது. இரண்டிலும் கிடைப்பது கண நேரத்துக் கங்கு. அதை வாங்கிக் கொண்டு அணையாமல் வைத்திருக்க ஒரு பொருள் வேண்டும். தீ மூட்டும் வித்தையே அந்தப் பொருளில்தான் இருக்கிறது. பொறி பிடிக்கும் பஞ்சு என்று சொல்லலாம்.

உலகத்தில் பேர் பெற்ற பொறிப் பஞ்சு ஒரு காளான். ஐரோப்பாவில் பூர்ஜ மரத்திலும் பீச் மரத்திலும் குதிரைக் குளம்பு மாதிரி ஒட்டி வளர்வது அது. ஃபோமஸ் ஃபோமென்டேரியஸ் என்பது அதன் அறிவியல் பெயர். 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் வாழ்ந்தது சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன். இடுப்புப் பையில் அந்தக் காளானின் பஞ்சு இருந்தது. மரப்பட்டையில் செய்த ஒரு பெட்டியும் வைத்திருந்தான். அதில் பச்சை மேப்பிள் இலையில் பொதிந்த கரித்துண்டுகள் இருந்தன. கங்கை அணையாமல் சுற்றி எடுத்துப் போயிருக்கிறான். அடுத்த வீட்டிலிருந்து சிரட்டையில் நெருப்பு வாங்கி வந்த நம் பாட்டிமார் செய்ததும் அதேதானே!

காளானைப் பக்குவப்படுத்துவது கைவேலை. மேலே கல் மாதிரி ஓடு, கீழே நுண்ணிய குழாய்கள். இரண்டையும் சீவித் தள்ளினால் நடுவில் தோல் போல மெத்தென்ற பழுப்பு அடுக்கு கிடைக்கும். அதை மெல்லிய வில்லைகளாக அறுத்து ஊறவைத்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பரப்பினால் துணி போல விரியும். ருமேனியாவில் கோருண்ட் என்ற ஊரில் இன்றும் இப்படித் தட்டித் தொப்பி செய்கிறார்கள். தீக்கு வேண்டுமென்றால் அதைச் சாம்பல் தண்ணீரிலோ வெடியுப்புத் தண்ணீரிலோ போட்டெடுத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். பிறகு ஒரு பொறி விழுந்தால் போதும். சுடர் விடாமல் மெல்லக் கனிந்துகொண்டே போகும்.

இதன் சூட்சுமம் நம்மைப் போன்ற உழவர்களுக்கு எளிதாகப் புரியும். காளான் உடம்பு முழுக்க நுண்ணிய இழைகள், இழைகளுக்கு நடுவே காற்று. பொறி விழுந்த இடத்தில் சூடு சிதறாது, காற்றும் குறையாது. சாம்பல் தண்ணீரில் இருப்பது நாம் வயலுக்குத் தேடுகிற அதே சாம்பல் சத்துதான். அது இழையில் ஏறிவிட்டால் கனிவது சுலபமாகிறது. வெடியுப்பிலும் அந்தச் சத்து உண்டு.

சரி, அந்தக் குளம்புக் காளானுக்கு நாம் எங்கே போவது? அது குளிர்ப் பிரதேசத்துச் சரக்கு. ஆனால் நம் மண்ணில் அதே வேலையைச் செய்யப் பனைகள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கூந்தல்பனையில் மட்டையின் அடியில் ஒட்டியிருக்கும் மென்பஞ்சைச் சிக்கிமுக்கிக் கல்லோடு பயன்படுத்தியிருக்கிறார்கள். பருத்தியும் இலவம் பஞ்சும் இருக்கவே இருக்கின்றன. கடைந்து தீ எடுக்கும் கட்டைக்குச் சங்கத் தமிழில் ஞெலிகோல் என்று பெயர். அந்தத் தீயால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்த இடையனைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அதியமானைப் பாடும்போது ஔவையார், வீட்டு இறவாரத்தில் செருகிவைத்த ஞெலிகோலை உவமை சொல்கிறார். ஏன் இறவாரம்? மழை படாது, தரை ஈரம் ஏறாது. தீக்குரியதை உலர்வாக வைப்பதுதான் பாதி வேலை என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

பெட்டிக்கடை வாசலில் பீடி பற்றவைக்கக் கனிந்துகொண்டு தொங்கும் கயிற்றை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அதுவும் இந்தக் காளானுக்குத் தம்பிதான்.

வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கரித்துணிதான் எளிது. பழைய பருத்தி வேட்டியைத் தீப்பெட்டி அளவுத் துண்டுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் கலந்தது ஆகாது, உருகிவிடும். மூடியுள்ள சிறு தகர டப்பாவில் போட்டு, மூடியில் ஆணியால் ஒரு துளை மட்டும் இடுங்கள். வெட்டவெளியில் கங்கின் மேல் வையுங்கள். துளை வழியே புகை வரும். புகை நின்றதும் இறக்கித் துளையை அடைத்துவிடுங்கள். முழுக்க ஆறும்வரை திறக்கவே கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும். ஆறிய பின் துணி கன்னங்கரேலென்று, ஆனால் உதிராமல் இருக்க வேண்டும். வெங்கச்சங்கல்லின் கூரிய விளிம்பில் பழைய அரத்தைத் தட்டினால் பொறி பறக்கும். அது துணியில் விழுந்து சிவப்புப் புள்ளியாகப் பரவும். அதைக் காய்ந்த தேங்காய் நார்க் கூட்டுக்குள் வைத்து மெல்ல ஊதுங்கள். அவ்வளவுதான். துணியையும் நாரையும் இறுக்கமான டப்பாவில் அடுப்புக்கு மேல் பரணில் வைத்துவிட்டால் சாரல் ஒன்றும் செய்யாது. தேனீப் பெட்டிக்குப் புகை போடுகிறவர்களுக்கும் இந்த நார் உதவும்.

இதைப் படித்துவிட்டு, தென்னையின் அடியில் முளைத்திருக்கும் பலகைக் காளானைப் பறித்து உலர்த்தலாமே என்று யாருக்காவது தோன்றினால், நில்லுங்கள். அது பெரும்பாலும் கானோடெர்மா. 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டு, தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் பெற்ற அடித்தண்டழுகல் நோயின் காளான் அது. அதைச் சேமிப்பது, வாராக் கடனை வரவில் எழுதுகிற மாதிரி. அடிப்பக்கத்தில் வித்துத் தூள் இருக்கும், தோப்பெல்லாம் தூவாதீர்கள். காளானை வெட்டி உடனே எரித்துவிடுங்கள்.

பிறகு மரத்தைப் பாருங்கள். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிகிறதா? கீழ் மட்டைகள் மஞ்சளாகித் தொங்குகின்றனவா? நோய் கண்ட மரத்தின் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகக் கூடாது. அதைச் சுற்றி அகழி எடுத்துப் பிரித்துவிடுங்கள். ஆழ உழுது வேரை அறுக்காதீர்கள். மற்ற மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கோடு டிரைகோடெர்மா கலந்து இடுங்கள். தண்ணீர் வசதி இருந்தால் ஊடுபயிராக வாழை வையுங்கள். செத்த மரத்தைத் தூரோடும் வேரோடும் தோண்டி எரித்துவிடுவது நல்லது.

மலைக்குள் பட்டுப்போன மரத்தில் வளரும் காளான் வேறு கதை. அது மரத்தை மட்கவைத்து மண்ணாக்குகிறது. நாம் குப்பைக் குழியில் மாதக்கணக்கில் செய்யும் வேலையை அது காட்டுக்குச் சும்மா செய்து கொடுக்கிறது. அதை அங்கேயே விட்டுவிடுவோம். காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றமும்கூட. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி, மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் மலைப் புல் முழுவதுமே பொறிக்குக் காத்திருக்கும் பஞ்சுதான்.

எனவே இந்த வித்தையை வீட்டு முற்றத்தில், தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்க, பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்து காட்டுங்கள். சித்திரை, வைகாசி வெயில் இருக்கும்போதே நாரையும் துணியையும் உலர்த்தி எடுத்து வையுங்கள். ஆனி பிறந்தால் மேக்கரைப் பக்கம் மேகம் இறங்கிவிடும்.