குளிரில் சைக்கிள்: தடித்த கோட்டு ஏன் வேண்டாம்?

பின்லாந்தின் ஔலு நகரில் பனி கொட்டும் மாதங்களிலும் சைக்கிள்கள் ஓடுகின்றன. 2013-இல் முதல் குளிர்கால சைக்கிள் மாநாடு நடந்ததும் அங்கேதான்.

மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால், காற்றே அடிக்காத நாளிலும் முகத்துக்கு அது மைனஸ் 18 போல உறைக்கும். அப்படியானால் தடித்த கோட்டு? அதுதான் வம்பு. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. கொஞ்ச தூரத்திலேயே வேர்த்துவிடும். பருத்தி பனியன் அந்த வியர்வையைக் குடித்துவிட்டு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரோ காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சிக்னலில் நின்றதும் நடுக்கம்தான்.

உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் சட்டை போதும். அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஹேண்டிலைப் பிடித்தபடி அசையாமல் காற்றை வாங்குபவை விரல்களே.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஒரு சட்டையைக் கழற்றிவிடுங்கள்.