படத்தில் இருந்தும் பெயர் இல்லாதவர்கள்

1946 பிப்ரவரியில் அமெரிக்க நாளிதழ்கள் ஒரு புதிய இயந்திரத்தைக் கொண்டாடித் தீர்த்தன. பெயர் எனியாக். 30 டன் எடை, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள், ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்ட உருவம். ‘ராட்சத மூளை’ என்று பட்டமும் சூட்டியாயிற்று. ஃபிலடெல்ஃபியாவில் நடந்த செயல்விளக்கத்தில், ஒரு பீரங்கிக் குண்டு பறந்து விழும் நேரத்துக்குள் அதன் பாதையைக் கணக்கிட்டுக் காட்டியது எனியாக். கையால் போட்டால் 30 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் கணக்கு அது.

அந்தக் கணக்குக்கான நிரலை அமைத்தவர்கள் பெட்டி ஸ்னைடர், ஜீன் ஜென்னிங்ஸ் என்ற இரு இளம்பெண்கள். கே மெக்நல்டி, மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன் ஆகியோரையும் சேர்த்து எனியாக்கின் முதல் நிரலாளர்கள் ஆறு பேர். போர்க்காலத்தில் ராணுவத்துக்குக் கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கையேடு என்று ஒன்று கிடையாது. பாதுகாப்பு அனுமதி கிடைக்கும்வரை இயந்திரம் இருந்த அறைக்குள்ளேயே அவர்களை விடவில்லை. மின்சுற்று வரைபடங்களைப் படித்தே அதன் போக்கைப் பிடித்தார்கள். பிறகு கம்பிகளை மாற்றிச் செருகியும் சுவிட்சுகளைத் திருப்பியும் நாள்கணக்கில் வேலை பார்த்தார்கள்.

செய்திகளில் இயந்திரத்தை உருவாக்கிய மாக்லி, எக்கர்ட் பெயர்கள் வந்தன. ராணுவ அதிகாரிகளின் பெயர்கள் வந்தன. இந்தப் பெண்கள் புகைப்படங்களில் இருந்தார்கள், பெயரில்லாமல். செயல்விளக்கம் முடிந்த அன்றிரவு நடந்த விருந்துக்குக்கூட அவர்களுக்கு அழைப்பில்லை. அதே ஆண்டு ராணுவம் வெளியிட்ட ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் எனியாக் படத்திலிருந்து பெண்கள் இருந்த பகுதியே வெட்டப்பட்டிருந்தது.

யாரோ கூடிச் சதி செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. இயந்திரம் கட்டுவது ஆண்களின் அறிவு, அதை இயக்குவது எழுத்தர் வேலை என்பதுதான் அன்றைய மதிப்பீடு; பெண்களின் பதவித் தரமே அதைச் சொல்லியது. ராணுவத்துக்கும் ‘மூளை’ என்ற கதை வசதியாக இருந்தது. இருவர் உட்கார்ந்து கம்பி செருகினார்கள் என்று எழுதினால் மாயம் கலைந்துவிடுமே!

1967-ல் காஸ்மோபாலிட்டன் இதழ் கணினி வேலையைப் பெண்களுக்கு ஏற்ற தொழில் என்று புகழ்ந்தது. நிரல் எழுதுவது விருந்துக்குத் திட்டமிடுவதைப் போன்றது என்று அதில் சொன்னவர் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர். பாராட்டும் சமையலறை வழியாகத்தான் வந்தது. 1980-களில் வீட்டுக் கணினி விற்பனைக்கு வந்தபோது விளம்பரங்களில் திரைக்கு முன் உட்கார்ந்தவன் பெரும்பாலும் பையன். ‘வார் கேம்ஸ்’ போன்ற படங்களிலும் அவனே நாயகன். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் ஏறத்தாழ 37 விழுக்காடு. பின்னர் அது பாதியாகச் சரிந்தது. விளம்பரம் மட்டுமே காரணம் என்பது மிகை. ஆனால் கணினி யாருக்கானது என்று பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொண்ட இடங்களில் அதுவும் ஒன்று.

அதே 1980-களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி எனியாக் படங்களில் நிற்கும் பெண்கள் யார் என்று விசாரித்தபோது, அழகுக்காக நிறுத்தப்பட்ட மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் விடாமல் தேடி அவர்களைக் கண்டுபிடித்தார். 1997-ல் அறுவருக்கும் ஒரு தொழில்நுட்ப அமைப்பு கௌரவம் அளித்தது. ரூத் 1986-லேயே இறந்துவிட்டார்.

இன்று ‘செயற்கை நுண்ணறிவு தானே கற்றுக்கொண்டது’ என்று செய்தி வருகிறது. ஆனால் சாட்ஜிபிடியைப் பாதுகாப்பாக்க, கொடூரமான எழுத்துகளைப் படித்து வகைபிரித்த கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலி என்பதை 2023 ஜனவரியில் டைம் இதழ் வெளியிட்டது. படங்களுக்கும் ஒலிகளுக்கும் குறிப்பு எழுதும் இத்தகைய வேலை தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் நடக்கிறது. புதிய இயந்திரத்தைப் பற்றி எழுதும் நிருபர்கள், அதற்குப் பின்னால் உழைப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள், என்ன கூலி வாங்குகிறார்கள் என்பதையும் கேட்டு எழுத வேண்டும்.