ஒரே சர்வர் எல்லா வீலேனுக்கும் முகவரி தருவது எப்படி?

புதுக் கணினியை அலுவலக நெட்வொர்க்கில் செருகியதும் அதற்கு ஐபி முகவரி வேண்டும். முகவரி தரும் டிஎச்சிபி சர்வர் எங்கே என்று அதற்குத் தெரியாது. அதனால் 255.255.255.255 என்ற பிராட்காஸ்ட் முகவரிக்குக் கோரிக்கையை அனுப்புகிறது. இது அந்தக் கணினி இருக்கும் வீலேனுக்குள், அதாவது நெட்வொர்க்கின் தனிப் பிரிவுக்குள், மட்டுமே சுற்றும்; ரவுட்டர் தாண்ட விடாது. விட்டால் நெட்வொர்க் முழுக்க நெரிசல்தான்.

அப்படியானால் வீலேனுக்கு ஒரு சர்வரா? தேவையில்லை. லேயர் 3 சுவிட்சை ரிலே ஆக்கினால் போதும். சிஸ்கோ சுவிட்சில், கணினிகள் உள்ள வீலேன் இன்டர்ஃபேஸில் 'ஐபி ஹெல்பர்-அட்ரஸ்' கட்டளையோடு சர்வரின் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

இனி சுவிட்ச் அந்தக் கோரிக்கையைப் பிடித்து, 'ஜிஐஅட்ரஸ்' என்ற கட்டத்தில் தன் இன்டர்ஃபேஸ் முகவரியை, உதாரணமாக 192.168.20.1 என்று நிரப்பி, சர்வருக்கு நேராக அனுப்பும். அதைப் பார்த்துத்தான் எந்த ஸ்கோப்பிலிருந்து (முகவரித் தொகுப்பிலிருந்து) முகவரி தருவது என்று சர்வர் முடிவு செய்கிறது. பதிலும் 192.168.20.1க்கே வரும், சுவிட்ச் அதைக் கணினியிடம் சேர்க்கும்.

விண்டோஸில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், பெரும்பாலும் சர்வரின் பதில் வந்து சேரவில்லை என்று பொருள். ஹெல்பர் முகவரி, சர்வரில் அந்த வீலேனுக்கான ஸ்கோப், சர்வரிலிருந்து திரும்பி வரும் ரூட் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.